நளீச்சி வாட்: ஹரிச்சந்திரகட் மலையில் ஓர் ஈர ஏற்றம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியாகிய சஹ்யாத்ரி, கிழக்கேயுள்ள தக்காண மேட்டுநிலத்திலிருந்து காண்பவருக்குப் பெரும்பாலும் தாழ்ந்த குன்றுகளின் வரிசையாகவே தோன்றும். மேற்கேயுள்ள கொங்கண் சமவெளியிலிருந்து காண்பவருக்கோ அதே மலை வானை மறைத்து நிற்கும் கருஞ்சுவராகத் தெரியும். மேட்டுநிலம் தன் மேற்கு விளிம்பில் சட்டென முறிந்து, ஆயிரம் மீட்டர் அளவுக்குக் கீழே இறங்கிவிடுவதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். கடற்கரைக்கும் மேட்டுநிலத்துக்கும் இடையே சென்று வரவேண்டியிருந்த மக்கள் இச்சுவரில் ஏறத்தக்க இடங்களைத் தேடத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே, மழைநீர் அத்தகைய இடங்களை அறுத்து வைத்திருந்தது. விளிம்பிலிருந்து கீழே பாயும் ஓடைகள் பாறையைக் குடைந்து உண்டாக்கிய ஒடுங்கிய, செங்குத்தான மலையிடுக்குகளை மராத்தி மக்கள் ‘நாள்’ என்றும் ‘நளீ’ என்றும் அழைக்கின்றனர். மேட்டுநிலத்தையும் கொங்கணத்தையும் இணைக்கும் ஒற்றையடி மலைப்பாதைகளுக்கு ‘காட் வாட்’ என்பது பொதுப்பெயர். இவ்விரண்டும் ஒன்றாகும் இடங்களில் ஓடையே பாதையாகிறது.

இப்பாதைகளுள் புகழ்பெற்றது ஜுன்னர் நகருக்கு மேற்கேயுள்ள நாணேகாட். கல்யாண், சோபாரா ஆகிய பண்டைத் துறைமுகங்களிலிருந்து வந்த வணிகச் சரக்கு அவ்வழியே மேட்டுநிலம் ஏறியது. பாதையின் தலைப்பில் அமைந்த குடைவரையில் சாதவாகன அரசி நாகணிகாவின் நீண்ட கல்வெட்டு இன்றும் உள்ளது. சுங்கக் காசு இடுவதற்குப் பயன்பட்டதாகச் சொல்லப்படும் பெரிய கல்சாடியும் அங்கேயே இருக்கிறது. அரசின் கவனம் பெற்றதால் நாணேகாட்டில் கல் பாவப்பட்டது, படிகள் வெட்டப்பட்டன. அதன் வடக்கிலும் தெற்கிலும் உள்ள எண்ணற்ற இடுக்குகளுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அவற்றில் கல்வெட்டு இல்லை, படி இல்லை. அவற்றின் அடியில் வாழும் ஊரார் தலைமுறை தலைமுறையாக நடந்து நடந்து அறிந்த அறிவு ஒன்றே அவற்றுக்கு உண்டு. நண்பர் குழு ஒன்று மழை ஓயும் பருவத்தில் மேற்கொண்ட ஏற்றத்தைத் துணையாகக் கொண்டு, அத்தகைய ஓர் இடுக்கின் அமைப்பையும், அதில் நீர் ஆற்றும் வேலையையும், அந்நீரை அறிந்து ஏறும் முறையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ஹரிச்சந்திரகட் என்பது மகாராஷ்டிரத்தின் அகோலே வட்டத்தில், அண்மைக்காலம் வரை அகமத்நகர் எனப்பட்டு இன்று அகில்யாநகர் என வழங்கும் மாவட்டத்தில் அமைந்த மலைக்கோட்டை. 1,400 மீட்டருக்கு மேல் உயர்ந்த இம்மலை 1986இல் அறிவிக்கப்பட்ட கல்சூபாய் ஹரிச்சந்திரகட் காட்டுயிர்ச் சரணாலயத்துக்குள் அடங்குகிறது. இதன் மேற்கு முகம் ‘கொங்கண் கடா’ எனப்படும். ‘கடா’ என்பது செங்குத்துப் பாறைமுகத்தைக் குறிக்கும் மராத்திச் சொல். அரைவட்டமாக உள்வாங்கி, மேல் உதடு வெளியே துருத்தி நிற்கும் இப்பாறைமுகத்தின் விளிம்பில் படுத்துத் தலையை நீட்டிப் பார்த்தால், பாறையின் அடிப்பகுதி கண்ணுக்குப் படாது. வெறும் வெளியும் அதற்கப்பால் கொங்கணத்துக் காடுமே தெரியும். இப்பாறைமுகத்துக்கும் அதை அடுத்த மலைத்தோளுக்கும் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் ஆழ்ந்த பிளவு வழியே செல்லும் பாதைதான் நளீச்சி வாட். மலையடியில் தாணே மாவட்டம் முர்பாட் வட்டத்தைச் சேர்ந்த பேல்பாடா என்னும் சிற்றூரிலிருந்து அது புறப்படுகிறது. ஊருக்கும் உச்சிக்கும் இடையே உயர வேறுபாடு ஆயிரம் மீட்டருக்கும் அதிகம்; அதன் பெரும்பகுதி கைகளையும் பயன்படுத்தி ஏறவேண்டிய பாறைவழி. வெறும் நடைக்கும் முழுமையான பாறையேற்றத்துக்கும் இடைப்பட்ட இவ்வகை ஏற்றத்தில், கால்கள் உடலைத் தூக்க, கைகள் சமநிலையைக் காக்கின்றன.

இடுக்கின் படிப்படியான அமைப்பை விளங்கிக்கொள்ளச் சஹ்யாத்ரியின் பாறை உருவான விதத்தை அறிவது இன்றியமையாதது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலப்பிளவுகள் வழியே பொங்கிய எரிமலைக் குழம்பு அலையலையாகப் பரவி, ஒன்றன்மேல் ஒன்றாக உறைந்ததில் தக்காணத்தின் கருங்கல் அடுக்குகள் தோன்றின. இன்றும் அவை ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை மூடியுள்ளன. பசால்ட் எனப்படும் இவ்வெரிமலைப் பாறை எல்லா அடுக்கிலும் ஒரே தன்மையுடையதன்று. ஒரு குழம்போட்டத்தின் நடுப்பகுதி மெதுவாக ஆறி இறுகியதால் கெட்டியானது. மேற்பகுதி வளிக்குமிழிகளோடு உறைந்ததால் துளைகள் நிறைந்தது, எளிதில் சிதைவது. ஓர் ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் இடையே சில இடங்களில் செந்நிறக் களிமண் படலம் ஒன்றும் காணப்படுகிறது; இதைச் செம்போல் படலம் என்பர். நீர் மென்மையான அடுக்கை விரைவில் அரித்துத் திட்டாக்குகிறது. கெட்டியான அடுக்கு அரிபடாமல் செங்குத்தாக நின்றுவிடுகிறது. இடுக்கினுள் ஏறுபவர் ஒரு திட்டில் மூச்சு வாங்கி, அடுத்த செங்குத்தைத் தாண்டி, மீண்டும் ஒரு திட்டை அடைகிறார் என்றால், உண்மையில் அவர் ஒவ்வொரு குழம்போட்டமாகக் கடந்து, கால வரிசையில் கீழிருந்து மேல் நோக்கிச் செல்கிறார் என்பதே பொருள்.

இடுக்கு எங்கே விழும் என்பதையும் பாறையே தீர்மானிக்கிறது. குழம்பு ஆறும்போது உண்டான செங்குத்துப் பிளவுகள், பிற்காலத்தில் பழைய பாறையை ஊடறுத்துப் புகுந்து உறைந்த ‘டைக்’ எனப்படும் பாறைச் சுவர்கள் ஆகியவற்றை ஒட்டியே பெரும்பாலும் நீர் இறங்கத் தொடங்குகிறது. ஒருமுறை இறங்கிய தடத்திலேயே அடுத்த மழையும் இறங்க, பிளவு ஆழமாகி இடுக்காகிறது.

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து கொண்டுவரும் ஈரம் இந்தச் சுவரில் மோதி உயர்ந்து, குளிர்ந்து, ஜூன் முதல் செப்டம்பர் வரை விளிம்பிலேயே கொட்டித் தீர்க்கிறது. கிழக்கே மழைமறைவில் உள்ள மாவட்டத் தலைநகர் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழையோடு நிறைவடையும்போது, விளிம்பு அதைப்போலப் பல மடங்கு பெறுகிறது. அம்மாதங்களில் நளீச்சி வாட் ஓர் அருவியாகவே இருக்கும். அப்போது அதில் இறங்குவது எவ்வளவு பயிற்சி பெற்றவருக்கும் தகாது. பனிக்காலத்திலும் கோடையிலும் அது வறண்ட கற்குவியல். அக்டோபர் தொடக்கம் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது: பெருவெள்ளம் வடிந்திருக்கும், ஆனால் பாறை உலர்ந்திருக்காது, மலையின் உடலில் தேங்கிய நீர் ஒவ்வொரு வெடிப்பிலும் கசிந்துகொண்டிருக்கும், பிற்பகலில் இடிமழையும் வரக்கூடும். இப்பருவத்தைத் தேர்ந்துகொண்ட நண்பர்கள் கல்லூரிக் காலம்தொட்டு ஒன்றாக மலையேறிப் பழகியவர்கள். பாறையில் ஒருவர் எங்கே தயங்குவார், எங்கே அவசரப்படுவார் என்பதை மற்றவர் அறிவர். அவர்களுடன் பேல்பாடாவைச் சேர்ந்த ஐம்பது வயது கடந்த உழவர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். அப்பகுதியில் வயதில் மூத்த ஊராரை அழைக்கும் வழக்கப்படி குழுவினர் அவரை ‘மாமா’ என்றே அழைத்தனர்.

ஊரை விட்டு விடியுமுன் புறப்பட்ட குழு, அறுவடைக்கு நிற்கும் நெல்வயல்களின் வரப்பில் நடந்து காட்டுக்குள் நுழைந்து, ஒரே ஓடையை இப்புறமும் அப்புறமுமாகப் பலமுறை கடந்தது. இப்பகுதியில் வழி தவறுவோர் பலர். ஓடைகள் கிளைக்கும் இடங்களில் எல்லாக் கிளைகளும் ஒன்றுபோலவே தோன்றும். காடு விலகி இடுக்கின் வாய் தெரிந்ததும், வீட்டளவு பெருங்கற்கள் முதல் தேங்காயளவு உருண்டைக் கற்கள் வரை குவிந்து கிடக்கும் நீண்ட கற்சரிவு தொடங்குகிறது. நீர் இக்கற்களின் அடியில் மறைந்து ஓடுவதால் அதன் ஓசை மட்டும் காலடியிலிருந்து கேட்கும். இருபுறமும் பாறை நெருங்க நெருங்க, ஈரப்பாறை ஓடைகளையே வாழிடமாகக் கொண்ட சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கை அவ்வோசைக்கு மேலாக எழுந்தது. மனிதர் விசிலடிப்பதாகவே முதன்முறை கேட்பவர் எண்ணுவர். பிடிக்காகக் கையை ஒரு வெடிப்பினுள் நுழைத்த நண்பர் சட்டென இழுத்துக்கொண்டார். உள்ளேயிருந்து செம்பழுப்பு நிற நன்னீர் நண்டு ஒன்று பக்கவாட்டில் நகர்ந்து, நீர் சொட்டும் விளிம்பைப் பற்றியபடி அசையாமல் நின்றது. பிடியில் கண்ணை வைத்த பிறகே கையை வைக்கவேண்டும் என்ற விதியை மாமா அங்கே நினைவூட்டினார்; பாம்பும் தேளும் அதே வெடிப்புகளைத்தான் நாடுகின்றன.

கற்சரிவில் பெரிய இடர் வழுக்கி விழுவதைவிட, மேலே செல்பவர் காலால் தள்ளிவிடும் கல்லிலிருந்தே வருகிறது. இடுக்கு ஒடுங்கியது, உருளும் கல்லுக்கு வேறு போக்கிடம் இல்லை, சுவருக்குச் சுவர் மோதித் திசைமாறி அது கீழே நிற்பவரைத் தேடி வருவதுபோல் வரும். இதற்கு இரண்டு முறைகளே உண்டு. ஒன்று, ஒருவரையொருவர் தொடும் தூரத்தில் நெருங்கிச் செல்வது. கல் நகர்ந்தால் அது வேகம் கொள்ளுமுன் அடுத்தவர் கையால் தடுத்துவிடலாம். மற்றொன்று, துருத்திய பாறையின் அடியில் எல்லாரும் ஒதுங்கி நிற்க, ஒருவர் மட்டும் ஏறி அடுத்த மறைவை அடைந்தபின் அடுத்தவர் புறப்படுவது. இவ்விரண்டுக்கும் நடுவில், பத்துப் பதினைந்து மீட்டர் இடைவெளி விட்டுப் பலர் ஒரே நேரத்தில் ஏறுவதுதான் மிக ஆபத்தான முறை; பெருங்கூட்டமாக வரும் குழுக்கள் பெரும்பாலும் அப்படியே ஏறுகின்றன. இக்குழு சாய்வு குறைந்த இடத்தில் முதல் முறையையும், செங்குத்தில் இரண்டாம் முறையையும் கைக்கொண்டது. வேகமாக ஏறத்தக்கவர்கள் காத்திருக்க நேர்ந்தது. ஈர இடுக்கில் நண்பரோடு ஏறுவது என்பதன் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புத்தான். உடல் வலிமையைவிட இப்பொறுமையே குழுவை மேலே கொண்டு சேர்க்கிறது.

இடுக்கின் நடுப்பகுதியில் செம்போல் படலம் ஒன்று முழங்கால் உயரத்துக்கு வெளிப்பட்டிருந்தது. செங்கல் தூள் குழைந்ததுபோன்ற அக்களிமண் மிதித்தவுடன் காலணியின் அடியில் அப்பிக்கொள்ளும். அடுத்த அடியைக் கருங்கல்லில் வைத்தால், பாறை எவ்வளவு சொரசொரப்பாக இருந்தாலும் கால் நில்லாது. மாமா அங்கே நின்று, தம் ரப்பர்ச் செருப்பைக் கழற்றிப் பாறையின் கூர்விளிம்பில் தேய்த்து மண்ணை நீக்கினார். ஒவ்வொருவரும் அவ்வாறே செய்யும்வரை மேலே செல்லவில்லை. அதற்கு மேலுள்ள துளைப்பாறையில் குமிழித் துளைகள் வெண்மையான படிகங்களால் நிரம்பியிருந்தன. பாறைத் துளைகளில் வெந்நீர் ஊடுருவிக் கனிமங்களைப் படியவைத்ததால் உண்டாகும் இவற்றைச் சியோலைட்டுகள் என்பர். இத்தொடரின் ஸ்டில்பைட், ஹியூலண்டைட் படிகங்கள் உலகின் அருங்காட்சியகங்கள் பலவற்றில் உள்ளன. கையால் ஏறுபவருக்கு அவை வேறு பயன் தருகின்றன: உதிர்ந்த படிகத்தின் இடத்தில் எஞ்சும் குழி, இரண்டு விரல் நுழையும் உறுதியான பிடி.

நளீச்சி வாட்டில் கயிறு தேவைப்படும் செங்குத்துப் பாறைகளை மலையேறுவோர் ‘ராக் பேட்ச்’ என்கின்றனர். வறண்ட காலத்தில் பயிற்சியுள்ளவர் கயிறின்றியே கடப்பதுண்டு. ஈரத்தில் அது மடமை. அவற்றுள் ஒன்றின் அடியில் குழு நீண்ட நேரம் நின்றது. பாறையின் இடப்புறம் மெல்லிய நீர்ப்பாய்ச்சல் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. வலப்புறம் நீர் இல்லை, படிகளும் மிகுதி. குழுவினரின் கண் இயல்பாகவே வலப்புறம் சென்றது. மாமா இடப்புறத்தைத் தேர்ந்தார். காரணம் கேட்டபோது வலப்புறப் பாறையில் உள்ளங்கையை வைத்து இழுத்துக் காட்டினார். கை கருப்பாகப் பிசுபிசுத்தது. எப்போதும் கசிவு மட்டும் இருக்கும் பாறையில் நுண்பாசிகள் கண்ணுக்குத் தெரியாத மென்படலமாகப் படிந்துவிடுகின்றன; காய்ந்தால் அது வெறும் கறையாகவே தோன்றும், நனைந்தால் அதைப்போல் வழுக்குவது வேறில்லை. விசையோடு பாயும் நீரோ மணலையும் சிறுகல்லையும் சுமந்து மழைமாதங்கள் முழுதும் அப்பாறையைத் தேய்த்துத் தேய்த்துத் தூய்மையாக வைத்திருக்கிறது. நனைந்தே ஏறவேண்டும், ஆனால் கால் நிற்கும். நீர் இருக்கும் இடமெல்லாம் ஆபத்து என்ற எளிய எண்ணத்துக்கு மாறாக, ஓடும் நீரையும் கசியும் நீரையும் வேறுபடுத்தி அறிவதே இவ்வகை ஏற்றத்தின் நுட்பம்.

மாமா வெறுங்காலோடு முதலில் ஏறினார். குழுவில் அனுபவம் மிக்கவர் கீழிருந்து அவர் கயிற்றைக் காத்தார். ஏறுபவரின் இடைக்கச்சையில் கட்டிய கயிற்றை மற்றொருவர் உராய்வுக் கருவி வழியே செலுத்தி, வேண்டியபோது விட்டு, விழுந்தால் பிடித்து நிறுத்தும் இம்முறைக்கு ‘பிலே’ என்று பெயர். இதற்கென வரும் கயிறு விழுச்சியின் அதிர்வை நீண்டு உள்வாங்கிக்கொள்ளும் தன்மையுடையது. மூட்டை கட்டும் கயிறு அவ்வாறு நீளாது என்பதால் அதை நம்பி முதலில் ஏறுவோர் உயிரைப் பணயம் வைக்கின்றனர். மேலே இடுக்கில் அசையாமல் சிக்கியிருந்த பெருங்கல்லைச் சுற்றிப் பட்டையிட்டு நங்கூரம் அமைத்தபின் மற்றவர்கள் ஒவ்வொருவராக ஏறினர். குழுவில் உயரத்தை அஞ்சுபவர் ஒருவர் இருந்தார். அவரைக் கடைசியில் விடாமல் இரண்டாவதாக ஏற்றியது நல்ல முடிவு. கீழே தனித்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அச்சத்தைப் பெருக்கும். முகத்திலும் மார்பிலும் குளிர்நீர் அடிக்க, இரு கால் ஒரு கை அல்லது இரு கை ஒரு கால் எப்போதும் பாறையில் இருக்குமாறு ஒவ்வோர் உறுப்பாக நகர்த்தி அவர் மேலே வந்துசேர்ந்தார்.

பாறையேற்ற வரலாற்றில் இடுக்குகளுக்குத் தனியிடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் பாறையேற்றம் விளையாட்டாக வளரத் தொடங்கியபோது, முதலில் ஏறப்பட்டவற்றுள் பெரும்பாலானவை இத்தகைய ஈர இடுக்குகளும் பிளவுகளுமே. மலை தானே திறந்து காட்டும் வழிகளாக அவை தோன்றின. கருவிகளும் துணிவும் பெருகியபின் ஏறுவோர் வெயில்படும் திறந்த பாறைமுகங்களை நாடினர். ஸ்காட்லாந்தின் கிளென்கோ பள்ளத்தாக்கில் உள்ள கிளாச்சேக் இடுக்கை டபிள்யூ. எச். மரே தம் தோழர்களோடு 1938இல் முதன்முறையாக முழுமையாக ஏறினார் என்பது அம்மரபின் புகழ்மிக்க நிகழ்ச்சி. சஹ்யாத்ரியில் இடுக்குகளின் வரலாறு வேறு. அவை உப்பும் தானியமும் சுமந்தவர்களின், உறவு பார்க்கச் சென்றவர்களின் பாதைகள். விளையாட்டு அவற்றுக்கு மிகப் பிந்தி வந்தது. முதலில் ஏறியவர் பெயர் எதற்கும் இல்லை.

நண்பகலுக்குப் பின் மேற்கே முகில் திரண்டது. நீர் பெருகுமுன் தோன்றும் அறிகுறிகளை மாமா ஏறிக்கொண்டே கவனித்துவந்தார்: தெளிந்த நீரில் கலங்கல், மிதந்து வரும் இலைச் சருகும் குச்சியும், ஓசையின் தொனி மாறுதல். இடுக்கு மேலே விரிந்து பல சரிவுகளின் நீரை ஒன்றாக வாங்குவதாலும், சரிவில் நீரைத் தேக்கும் மண் குறைவாக இருப்பதாலும், உச்சியில் பெய்த மழை மிக விரைவில் கீழே வந்துவிடும். இடுக்கினுள் நிற்பவர் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் பயனில்லை. தூறல் தொடங்கியதும் மாமா குழுவை ஓடைத்தடத்திலிருந்து விலக்கி, பக்கச் சுவரில் ஆளுயரம் மேலேயுள்ள திட்டில் ஏற்றினார். அங்கே ஈரத்துணியோடு அமர்ந்து பாக்ரி எனும் அரிசிமா ரொட்டியையும் பூண்டுச் சட்னியையும் உண்ட நேரத்தில் ஓடை ஓரளவு பழுப்பேறியது, பிறகு தெளிந்தது. முழுதும் தெளியும்வரை எவரும் இறங்கவில்லை.

மேற்பகுதியில் பாதை இடுக்கை விட்டுப் பக்கவாட்டில் வெளியேறுகிறது. இந்த விலகுமிடத்தைத் தவறவிட்டு ஓடையிலேயே தொடர்ந்தவர்கள் ஏறவும் இறங்கவும் முடியாத இடத்தில் சிக்கிக்கொள்வதுண்டு. வெளியேறியதும் கார்வி எனும் புதர் அடர்ந்த சரிவு வருகிறது. எட்டாண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து மடியும் கார்வி, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியின் நெருங்கிய இனம்; இரண்டும் ஸ்ட்ரோபிலாந்தஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. கார்வியின் நேரான தண்டுகளை நிறுத்தி மண் பூசிச் சுவரெழுப்புவது கொங்கண மலையூர்களின் வழக்கம். இச்சரிவில் ஏறுவோருக்கு அதன் அடித்தண்டுகளே கைப்பிடி.

உச்சியில் மேட்டுநிலம் திடுமெனச் சமதளமாக விரிகிறது. மஞ்சள் நிறச் சோன்கிப் பூக்கள் வாடத் தொடங்கியிருந்தன. குழு கொங்கண் கடாவின் விளிம்பை அடைந்தபோது பள்ளத்தாக்கில் பஞ்சுமுகில் நிரம்பியிருந்தது. காலையில் கதிரவன் முதுகுக்குப் பின் இருக்க, இவ்விளிம்பில் நிற்பவர் எதிரேயுள்ள முகிலில் தம் நிழலையும் அதைச் சுற்றி வட்டமான வானவில்லையும் காணக்கூடும். மராத்தியர் இதை இந்திரவஜ்ரம் என்பர். நுண்ணிய நீர்த்துளிகளில் பட்ட ஒளி வந்த திசையிலேயே சிதறித் திரும்புவதால் இது தோன்றுகிறது. தக்காணத்தின் வானிலையை ஆராய்ந்த படை அதிகாரி டபிள்யூ. எச். சைக்ஸ் 1835இல் வெளியிட்ட ஆய்வுரையில் இம்மலையில் தாம் கண்ட வட்ட வானவில்லைப் பதிவுசெய்துள்ளார். விளிம்பிலிருந்து சிறிது தொலைவில் ஹரிச்சந்திரேசுவரர் கோயிலும், கேதாரேசுவரர் குகையும் உள்ளன. குகையில் இடுப்பளவு குளிர்நீரின் நடுவே பெரிய இலிங்கம் நிற்க, அதைச் சூழ்ந்திருந்த நான்கு தூண்களுள் ஒன்று மட்டுமே முழுமையாக எஞ்சியுள்ளது. மலையின் நீர் அங்கும் பாறை வழியே கசிந்து வந்து தேங்குகிறது.

விடுமுறை நாட்களில் விளிம்பு முழுதும் கூடாரங்கள் நிறைந்துவிடுகின்றன. நெகிழிக் குப்பை ஓடைகள் வழியே பேல்பாடாவின் நீர்நிலைகளுக்குத்தான் இறங்குகிறது என்பதை மேலே தங்குவோர் எண்ணிப்பார்ப்பதில்லை. இம்மலைக்கு வருவோர் பெரும்பாலும் பாச்னை, கிரேசுவர் ஆகிய ஊர்களின் எளிய பாதைகளையே நாடுகின்றனர். இடுக்கு வழி வருவோரிலும் கைப்பேசியில் பதிந்த தடத்தை மட்டும் நம்பி வழிகாட்டியின்றி ஏறுவோர் கூடிவருகின்றனர். அத்தடம் பாதை போகும் திசையைக் காட்டும். எந்தப் பாறை பாசி படிந்தது, எந்த நீர் ஏறத்தக்கது என்பதை அது காட்டாது. வழிகாட்டிக்குத் தரும் கூலி செலவுக் கணக்கில் முதலில் வெட்டப்படுவதாக இருக்கக்கூடாது. குழு அன்றிரவு நீரில்லாத வேறொரு குகையில் தங்கி மறுநாள் பாச்னை வழியே இறங்கியது. மாமா தங்கவில்லை, வயலில் நெல் முற்றியிருந்ததால், கூலியைப் பெற்றுக்கொண்டு, ஈரக்கயிற்றை உலர்த்த நேரமின்றி அப்படியே சுருட்டித் தோளில் மாட்டி, வெளிச்சம் இருக்கும்போதே சாதலே காட் எனும் மற்றொரு மலைப்பாதை வழியாகப் பேல்பாடாவுக்கு இறங்கிச் சென்றார்.